மிளகு போன வழி

1999-ல் நாங்கள் இத்தாலி போனபோது அமெரிக்காவில், பிளசன்டனுக்குக் குடிவந்த புதிது. இந்திய பாஸ்போர்ட், ஷெங்கன் விசா, சூட்கேஸில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, குட்டி ரைஸ் குக்கர். சுற்றுலா பஸ் விடிவதற்குள் கிளம்பிவிடும். ரோமும் ஃபுளோரன்ஸும் வெனிஸும் ஃபிலிம் ரோலில்தான் மிஞ்சின. பீசா கோபுரத்தில் ஏற முடியவில்லை. மேலும் சாயாமல் தடுக்கும் வேலைக்காக 1990-ல் மூடியதை 2001-ல்தான் திறந்தார்கள். பர்ஸ் நிறைய லிரா நோட்டு இருந்தும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடத் துணிச்சல் வரவில்லை. எந்த விலையைப் பார்த்தாலும் மனசு அதை டாலராக்கி, டாலரை ரூபாயாக்கிவிடும். ராத்திரி அறைக்கு வந்து சோறு பொங்குவோம். அந்தச் சோறு ருசித்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், நாங்கள் மறுபடியும் இத்தாலி போனோம். அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு விசா தேவையில்லை. அன்று சும்மா நுழைந்த ரோமின் பாந்தியனுக்கு 2023 ஜூலையிலிருந்து டிக்கெட். வெனிஸில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம். கூட்டமும் பெருகிவிட்டது. ஆனாலும் இந்த முறைதான் இத்தாலியைப் பார்த்தோம் என்பேன், உட்கார்ந்து சாப்பிட்டதால்.

ரோமில், திராஸ்தேவெரே பக்கம் ஒரு சின்னக் கடை. எங்கள் மேஜையிலிருந்து அடுப்படி தெரிந்தது. சமையல்காரர் மிளகை வெறும் சட்டியில் வாசம் கிளம்ப வறுத்தார், ஒன்றிரண்டாக இடித்தார், பாஸ்தா வெந்த தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றி, துருவிய பெக்கோரினோ சீஸைப் போட்டு, கை ஓயாமல் கிளறினார். வெண்ணெய் இல்லை, கிரீம் இல்லை. காச்சோ எ பேப்பே என்று பெயர். (சைவக்காரர்கள் கவனிக்க: அந்த சீஸுக்கு உறை போடுவது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்.)

தட்டு வந்ததும் என் கணவர் குனிந்து முகர்ந்தார். "எங்கம்மா மிளகு வறுக்கற வாசமாட்டவே இருக்குது" என்றார்.

மறுநாள் ஃபோரத்தில் மாக்சென்டியஸ் பசிலிக்காவின் பெரிய வளைவுகளுக்குக் கீழே நின்றோம். அந்த இடத்தில், முதல் நூற்றாண்டின் கடைசியில் டொமிஷியன் மன்னன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. சேர நாட்டு முசிறித் துறையில் ஏற்றிய மிளகு செங்கடல், எகிப்து வழியாக இங்கே வந்து குவிந்தது. இந்தியச் சரக்குக்கு ஆண்டுதோறும் இவ்வளவு பணம் போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பி எழுதியிருக்கிறார். 408-ல் ரோமை முற்றுகையிட்ட அலாரிக், பொன்னோடும் வெள்ளியோடும் 3,000 ராத்தல் மிளகும் கேட்டு வாங்கினான்! பின்னாளில் வெனிஸ் வணிகர்கள் செழித்ததும் அலெக்சாந்திரியாவில் வாங்கி ஐரோப்பாவுக்கு விற்ற மிளகால்தான்.

என் கணவருக்குச் சொந்த ஊர் கோவை பக்கத்து வெள்ளலூர். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் பானை பானையாக ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்தவை. அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர், அந்தக் காசிலிருந்த மன்னர்கள் ஆண்ட ஊரில் அன்று வெகுநேரம் பேசாமல் நின்றார். 1999-ல் இதே வளைவுகளைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறோம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கொச்சியில் இறங்கி, ரோமானிய ஜாடிச் சில்லுகள் கிடைத்த பட்டணம் என்ற ஊரின் அகழாய்வு இடத்தைப் பார்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காரில் வெள்ளலூர் போவதாக முடிவு செய்திருக்கிறோம்.