வானத்தைப் பார்த்து வழி கேட்டல்

நம்முடைய தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளொன்றுக்கு இரண்டு தடவை பூமியைப் பிரதக்ஷிணம் செய்தவண்ணம் ஏறக்குறைய முப்பது செயற்கைக் கோள்கள் சஞ்சரித்துக்கொண்டிருக்கின்றன என்பதும், அமெரிக்க ராணுவத்தார் தங்களுடைய காரியத்துக்காக 1978-ஆம் வருஷம் முதற்கொண்டு ஏவத் தொடங்கிய அந்தக் கோள்களின் தயவினால்தான் இன்றைக்கு நங்கநல்லூரிலிருந்து கிளம்புகிற ஒரு சாதாரண கிருஹஸ்தன் கும்பகோணத்துக்கு வழி தெரிந்துகொள்கிறான் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனால் அவை அங்கே இருந்துகொண்டு என்ன செய்கின்றன என்று விசாரித்தால், "நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன" என்றே பெரும்பாலோர் பதில் சொல்லுவார்கள். எங்கள் எதிர்வீட்டு நண்பர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாக உலக விவகாரங்களை ஏற்று நடத்திவருகிறவர், இன்னும் ஒரு படி மேலே போய், மொட்டை மாடியில் நாம் உலர்த்தியிருப்பது அரிசி வடாமா ஜவ்வரிசி வடாமா என்பதுகூட வாஷிங்டனில் தெரியும் என்று சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறார்.

உண்மை இதற்கு நேர் விரோதமானது. அந்தக் கோள்களுக்கு வடாத்தைப் பார்க்கிற கண் கிடையாது. நம்முடைய கைபேசி அவற்றுக்கு ஒரு வார்த்தைகூட அனுப்புவதில்லை. ஆகவே அப்படியொரு கைபேசி இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. "நான் இன்னார், இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்பொழுது மணி இன்னது" என்று கேட்பார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றே அவற்றின் ஊழியம். முன்னாளில் ஊருக்கு ஊர் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நகராட்சிச் சங்கு ஊதும். நம் கைக் கடிகாரம் சரியாக இருந்து, சங்கின் சத்தம் மூன்று விநாடி தாமதித்து நம் காதில் விழுந்தால், சங்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம் அல்லவா? அதே கணக்கைத்தான் கைபேசி மூன்று கோள்களை வைத்துக்கொண்டு போடுகிறது. ஆனால் அதனிடம் இருக்கிற கடிகாரம் இந்தக் காரியத்துக்கு லாயக்கில்லாத சாமானியக் கடிகாரம் ஆகையால், நேரத்தைத் திருத்திக்கொள்வதற்கென்று நாலாவது கோள் ஒன்றையும் சாட்சிக்கு அழைத்துக்கொள்ளுகிறது.

வந்து சேருவது சத்தமாக இல்லாமல் ஒளியின் வேகத்தில் வருகிற சமிக்ஞை என்பதால், விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் முந்நூறு மீட்டர் பிசகிவிடும். இதற்காகவே அந்தக் கோள்களில் அணுக் கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள். அவையோ ஐன்ஸ்டைன் சொல்லிவைத்தபடி, ஆகாயத்தில் நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் முப்பத்தெட்டுப் பங்கு விரைவாக ஓடுகின்றன. ஆகையால் ஏவுவதற்கு முன்பே அவற்றைச் சற்று நிதானமாக ஓடும்படி திருத்தி அனுப்புகிறார்கள். திருத்தாமல் விட்டால் நங்கநல்லூர்வாசியை ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நகர்த்தித் தாம்பரத்துக்கு அந்தண்டை நிறுத்திவிடுமாம். ஐன்ஸ்டைனால் சாமானியனுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

இந்த சாஸ்திரமெல்லாம் எனக்குத் தேவைப்பட்டதற்குக் காரணம் ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை. பழைய நாளில் பத்திரிகையின் அடியில், "பிள்ளையார் கோயிலுக்கு மேற்கே, ரைஸ் மில்லுக்கு எதிர்ச் சந்து" என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்தவனுக்கு ஊரே மனக்கண்ணில் வந்து நிற்கும். ஆலங்குடியிலிருந்து என் சகலை அனுப்பியிருந்த பத்திரிகையிலோ அந்த இடத்தில், எறும்புகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தாற்போல் ஒரு கறுப்புக் கட்டம் மாத்திரம் அச்சாகியிருந்தது. போன் பண்ணி வழி கேட்டேன். "அதான் பத்திரிகையிலேயே போட்டிருக்கே!" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

பேரனைக் கூப்பிட்டு வழிகாட்டியைத் தயார் பண்ணச் சொன்னேன். கைபேசி உடனே வேலையை ஆரம்பித்துவிடவில்லை. என்னுடைய இருப்பிடத்தை அறிந்துகொள்ள அனுமதி உண்டா என்று முதலில் கேட்டது. அனுமதி எப்பொழுதைக்கும் உரியதா, இந்த ஒரு தடவைக்கு மட்டுமா என்று அடுத்தாற்போல் கேட்டது. அப்புறம், தெரிந்துகொள்ள வேண்டியது துல்லியமான இடமா, உத்தேசமான இடமா என்று வினவியது. முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்த என்னை இவ்வளவு மரியாதையாக எவரும் எதையும் கேட்டதில்லை. "துல்லியம்" என்று உத்தரவிட்டேன். அதன்மேல் ஒரு நீலப் புள்ளி தோன்றி, தன்னைச் சுற்றி ஆதம்பாக்கம் முதல் பழவந்தாங்கல் வரைக்கும் மங்கலான ஒரு வட்டத்தைப் போட்டுக்கொண்டு, இதற்குள்ளே எங்கேயோ தாங்கள் எழுந்தருளியிருக்கிறீர்கள் என்று தெரிவித்தது.

"கான்கிரீட்டுக்குள்ள சிக்னல் வராது தாத்தா. மாடிக்குப் போங்க" என்றான் பேரன். அவன் சொன்னது நியாயமே. அத்தனை தூரத்திலிருந்து வருகிற சமிக்ஞை நம்மை வந்து அடைகிறபோது அதனிடம் ஜீவன் மிகக் கொஞ்சமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. போதாக்குறைக்கு, அந்தக் கோள்கள் தங்கள் எல்லோருடைய பொதுப் பஞ்சாங்கத்தையும் விநாடிக்கு ஐம்பது எழுத்துக்குறி என்ற கணக்கில் நிதானமாக வாசிப்பதால், அதை முழுக்கக் கேட்டு முடிக்கப் பன்னிரண்டரை நிமிஷம் செல்லும். இக்காலத்துக் கைபேசிகள் அந்தப் பஞ்சாங்கத்தைப் பக்கத்து டவர் மூலமாக ஒரே கணத்தில் வாங்கிக்கொண்டுவிடுகின்றன. ஆனால் அதற்கு ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும். அன்றைக்கு என் ரீசார்ஜ் காலாவதியாகியிருந்தது. ஆகவே பழைய சம்பிரதாயப்படி, வெறும் ஆகாயத்தின் கீழ் போனை ஏந்திக்கொண்டு காத்து நின்றேன்.

புள்ளி ஒருவாறு எங்கள் வீட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. ஆனால் என் முகம் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதில் அதற்குத் தீராத சந்தேகம். திசை சொல்லுவது கோள்களின் வேலை அல்ல. போனுக்குள்ளே இருக்கிற காந்தமானியின் வேலை. அந்தக் காந்தமானி தெளிவடைய வேண்டுமானால் போனைக் கையில் பிடித்து ஆகாயத்தில் எட்டுப் போட வேண்டும் என்று திரையில் படத்தோடு உபதேசம் வந்தது. போட்டேன். கிழக்கே பார்த்துப் போட்டேன். திருப்தியடையாமல் மேற்கே பார்த்தும் போட்டேன். மீனம்பாக்கத்தில் இறங்குவதற்காக ஒரு விமானம் சற்றுத் தாழ்வாக வந்துகொண்டிருந்தது.

"என்ன சார், பிளேனுக்குக் கை காட்டறீங்களா?" என்று எதிர் மாடியிலிருந்து குரல் வந்தது.

"இல்லை சார், எட்டுப் போடறேன்."

நண்பர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவர் தினந்தோறும் சாயங்காலம் தம் மாடியில் சாக்பீஸினால் எட்டு எழுதி அதன்மேல் நடக்கிறவர். "எட்டு நடைன்னா கால்ல நடக்கணும் சார். கையால போட்டா சுகர் குறையாது" என்றார். காந்தமானியைப் பற்றிச் சொன்னேன். அது போகட்டும் என்று ஒதுக்கிவிட்டு, "அமெரிக்காக்காரன் பாத்துக்கிட்டிருக்கான், தெரியுமில்ல?" என்று ஆரம்பித்தார். இப்பொழுது நமக்கே சொந்தமாக இப்படிப்பட்ட கோள்கள் இருக்கின்றன என்றும், 2013 ஜூலை 1-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதலாவது கோளை ஏவினார்கள் என்றும், ஏழு கோள்கள் கொண்ட அந்த ஏற்பாட்டுக்கு 'நாவிக்' என்று பெயர் என்றும் எடுத்துச் சொன்னேன். முதற் கோளில் வைத்திருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோனதையும், மணி சொல்லுவதே பிழைப்பாக உள்ள ஒரு ஜீவனுக்கு அதைக் காட்டிலும் பெரிய துர்ப்பாக்கியம் நேர முடியாது என்பதையும், பிறகு 2023 மே மாதம் ஏவிய கோளில் நம்மவர்களே செய்த அணுக் கடிகாரத்தை வைத்து அனுப்பிவிட்டார்கள் என்பதையும் சொல்லி முடித்தேன். அவர் முகம் மலர்ந்தது. "நம்ம ஆளுங்க பாத்தா பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எங்கள் மாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். 1802-ஆம் வருஷம் வில்லியம் லாம்டன் என்கிற ஆங்கிலேயர் அந்த மலையை ஒட்டித்தான், நூறு அடி எஃகுச் சங்கிலி ஒன்றை வைத்துக்கொண்டு சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்து, அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக வளர்த்துக்கொண்டு போய் இந்த தேசம் முழுவதையும் அளக்கிற காரியத்தைத் தொடங்கினார். கோணம் அளப்பதற்கு அவர் வைத்திருந்த தியோடலைட் யந்திரம் அரை டன் எடை. தஞ்சாவூர்ச் சீமையில் அதை ஏற்றி வைக்கக் குன்று ஏது? கோயில் கோபுரந்தான் கதி என்று 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் அதை ஏற்றுகையில், கயிறு அறுந்து, யந்திரம் சுவரில் மோதி நசுங்கிப்போயிற்று. மனிதர் மனம் தளராமல் தாமே உட்கார்ந்து அதைச் செப்பனிட்டு எடுத்துக்கொண்டு மேலே நடந்தார். 1823-இல் ஹிங்கன்காட் என்னும் ஊரில், வேலை முடியாமலே காலமானார். துல்லியமான இடமா, உத்தேசமான இடமா என்று யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில் ஒன்றுதான்.

பிரயாணத்தன்று பேரன் முன் ஸீட்டில் அமர்ந்து 'ஆலங்குடி' என்று எழுத்தைத் தட்டினான். விக்கிரவாண்டி வரைக்கும் யந்திரத்தின் பெண் குரலுக்கும் எங்கள் டிரைவருக்கும் யாதொரு அபிப்பிராய பேதமும் உண்டாகவில்லை. விக்கிரவாண்டியில் அவர் கும்பகோணம் சாலையில் திரும்பினாரோ இல்லையோ, "யூ-டர்ன் எடுக்கவும்" என்றது குரல். டிரைவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடியும், "யூ-டர்ன் எடுக்கவும்."

"சார், அந்தம்மா கூப்பிடறது புதுக்கோட்டை ஜில்லா ஆலங்குடிக்கு. நமக்கு வேண்டியது குரு பகவான் ஆலங்குடி. நீங்க பேசாம வாங்க" என்றார் டிரைவர். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் நமக்குப் புதிதா? பாபநாசம் என்று சொன்னால் தஞ்சாவூர்க்காரன் ஒன்றை நினைப்பான், திருநெல்வேலிக்காரன் வேறொன்றை நினைப்பான்; இருவரும் சண்டையில்லாமல் வாழ்கிறார்கள். குரலுக்கோ அந்தப் பக்குவம் இல்லை. பண்ணுருட்டி வருகிற வரைக்கும் அது எங்களைத் திரும்பி வரும்படி மன்றாடிக்கொண்டே வந்தது. பண்ணுருட்டியில் என் மனைவி பலாப்பழம் வாங்குவதற்காக வண்டியை நிறுத்தச் சொன்னபோது, அங்கே நின்ற அவகாசத்தில் பேரன் பத்திரிகையிலிருந்த கறுப்புக் கட்டத்தைப் போனுக்குக் காட்டி சமாதானம் செய்துவைத்தான்.

அதன் பிறகு யாதொரு குறையும் சொல்ல முடியாது. சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி, அணைக்கரை என்று ஊர் ஊராக எங்களை அழைத்துக்கொண்டு வந்து, கும்பகோணத்துச் சந்தடிக்குள்ளே வழி பிரித்து வெளியேற்றி, வலங்கைமானையும் தாண்டி, கடைசியில் ஒரு மண் சாலையின் முடிவில், "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று பிரகடனம் செய்தது. அடைந்துவிட்டோம் என்பது வாஸ்தவந்தான். வாழைமரம் கட்டிய வாசல் தெரிந்தது. சகலை அங்கவஸ்திரத்தோடு நின்றுகொண்டு கையை ஆட்டுவதும் தெரிந்தது. திறந்த வெளியில் இந்தச் சாதனம் ஐந்து மீட்டருக்குள் இடத்தைக் கண்டுபிடித்துவிடும் என்பார்கள். அந்த வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் இருந்தது.

கரையில் மாட்டை மேய விட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களை நெடுநேரம் பார்த்தார். "கட்டத்தப் பாத்துட்டு வந்தீங்களா? காலையிலேருந்து எல்லாருமே இங்கனதான் வந்து நிக்கிறாங்க" என்றார். கார் போக வேண்டுமானால் வந்த வழியே திரும்பி, மதகு தாண்டி, சோத்தாங்கைப் பக்கம் ஒடித்து, களத்துமேட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டுமாம். நல்ல வேளையாக அது வைகாசி மாசம். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. டிரைவரை மதகுக்கு அனுப்பிவிட்டு, பேரன் முன்னே போக, நான் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு நடுவே போக, என் மனைவி பட்டுப் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னே வர, காய்ந்த வாய்க்காலில் இறங்கி அக்கரை ஏறினோம். "ஜூன் பன்னெண்டுக்கு அப்புறம் வந்திருந்தா நீச்சல்தான்" என்று பெரியவர் எங்களுக்கு முதுகுப் பக்கமாக விடை கொடுத்தார்.

ஊர் திரும்பிய பிற்பாடு நான் அந்தச் சாதனத்தை அணைத்து வைத்திருப்பேன். ஆனால் என் மனைவி அதற்குள் அதன் மகிமையை அறிந்துகொண்டுவிட்டாள். என்னுடைய நீலப் புள்ளி எந்நேரமும் தன்னுடைய போனில் தெரியும்படியாகப் பேரனைக் கொண்டு ஓர் ஏற்பாடும் செய்துகொண்டாள். கோள்களுக்கு நான் இருப்பதே தெரியாது, அவளுக்குத் தெரியும். ஒரு நாள் சாயங்காலம் மருந்து வாங்குவதற்காகக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். போன் மணி அடித்தது.

"என்னங்க, பஜ்ஜிக் கடையில என்ன பண்றீங்க?"

உயரமான கட்டடங்கள் சூழ்ந்த இடத்தில் கோளின் சமிக்ஞை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும் என்றும், அதனால் தாமதமாகும் என்றும், தாமதத்தைத் தூரமென்று கைபேசி மயங்கிப் புள்ளியைப் பத்திருபது மீட்டர் தள்ளிப் போட்டுவிடும் என்றும், மருந்துக் கடை பஜ்ஜிக் கடைக்கு அடுத்த கடைதான் என்றும் சாஸ்திரோக்தமாக விளக்கினேன்.

"சரி, புள்ளி பத்து நிமிஷமா நகரலையே. ஒரு மாத்திரைக்கு பில்லு போட அவ்வளவு நேரமா?" என்றாள்.

இந்த விஷயத்தில் அமெரிக்க ராணுவத்தார் ஒரு காலத்தில் எவ்வளவு தாட்சண்யத்தோடு நடந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அசல் துல்லியத்தைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டு, பொதுஜனங்களுக்குக் கிடைக்கிற கணக்கில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து, இடத்தை நூறு மீட்டர் வரைக்கும் அங்குமிங்கும் தள்ளிக் காட்டும்படி அவர்கள் செய்துவைத்திருந்தார்கள். 2000-ஆம் வருஷம் மே மாசம் 2-ஆம் தேதியோடு அதை நிறுத்திவிடும்படி கிளிண்டன் துரை உத்தரவு போட்டுவிட்டார். நூறு மீட்டர் என்றால் எங்கள் கடைத்தெருவில் சாமானியமான சலுகையா? மருந்துக் கடை, பழக் கடை, பிள்ளையார் கோயில், நூல் நிலையம் எல்லாமே அதற்குள் அடக்கம்; சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். அப்படியொரு உத்தரவைப் போடுவதற்கு முன்னால் அவர் நங்கநல்லூர்ப் பக்கம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.