நுரை போக மிச்சம்

விடுதலைப் போருக்கு வாஞ்சிநாதனையும் நாடக மேடைக்கு எஸ்.ஜி. கிட்டப்பாவையும் கொடுத்த ஊர் செங்கோட்டை. அதே ஊரில் வீட்டு வரி கட்டிக்கொண்டு, ஒரு தம்ளர் சோடாவைச் சிந்தாமல் ஊற்றத் தெரியாத ஒருவனும் குடியிருக்கிறான் என்பது எந்த வரலாற்றிலும் ஏறாது. அதனால் நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

மெஷின் மச்சினன் கொடுத்தது. அவன் மெல்போர்னில் இருக்கிறான். வீட்டுக்குள்ளேயே பீப்பாய் வைத்து, குழாயைத் திருகி பீர் பிடித்துக் குடிக்கிற ஆசாமி. 2003-லிருந்து மதுவைச் சில்லறையாகவும் அரசே டாஸ்மாக் கடை போட்டு விற்கிற மாநிலத்தில், வீட்டில் பீப்பாய் வைத்தால் முதலில் பொங்கி வருவது போலீஸாகத்தான் இருக்கும். அதை நினைத்து என் மேல் இரக்கப்பட்டு, போன தடவை ஊருக்கு வந்தபோது இந்தச் சோடா மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு குட்டி சிலிண்டர், ஒரு பாட்டில், ஒரு பட்டன். பட்டனை அழுத்தினால் கிட்டப்பாவே திரும்பிப் பார்க்கிற உச்ச ஸ்தாயியில் ஒரு சத்தம். சத்தம் நின்றால் சோடா தயார்.

சோடா என்னவோ தயார்தான், அதைத் தம்ளரில் ஊற்றும்போதுதான் வம்பு. முக்கால் தம்ளர் நுரை, அது வழிந்து மேஜை, மேஜையிலிருந்து என் வேட்டி. நுரை அடங்கிய பிறகு அடியில் கிடப்பது கேஸ் போன பச்சைத் தண்ணீர். குடிக்கும்போது நாக்கில் சுருக்கென்று பிடிக்க வேண்டிய கேஸ்தான் அவ்வளவும் நுரையாக எழுந்து போயிருக்கிறது என்பதால், ஒவ்வொரு தம்ளரிலும் நான் காசைத்தான் ஆவியாக்கிக்கொண்டிருந்தேன். குறைவாக அழுத்தினால் சோடாவே இல்லை. கூட அழுத்தினால் ஐந்தருவி.

கையேட்டில் தண்ணீரைத் தவிர வேறெதையும் பாட்டிலில் ஊற்றி கேஸ் ஏற்றாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கையேடு எழுதியவனுக்கு நன்னாரி சர்பத் தெரிந்திருக்க நியாயமில்லை என்று நானாக முடிவு செய்தேன். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “எய்யா, இப்பத்தான வெள்ளையடிச்சோம்” என்றாள். அதற்கு மேல் அந்த விஷயத்தை வளர்த்த வேண்டாம்.

மெல்போர்னுக்கு போன் போட்டேன்.

“தண்ணி எத்தன டிகிரி அத்தான்?”

“குழாய்த் தண்ணிதான் மாப்ள. சாரல் அடிக்கிற ஊரு, ஜில்லுன்னுதான் இருக்கும்.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “எங்க பீருக்கே மூணு டிகிரி, பன்னெண்டு பிஎஸ்ஐ அழுத்தம், அஞ்சாறு அடி டியூபு. குளிர் தப்பிட்டா மத்ததெல்லாம் வீண்.”

“அவ்வளவு நீள டியூபு எதுக்கு?”

“வர்ற வேகத்த அடக்கத்தான். வேகமா விழுந்தா கேஸ் அங்கேயே பிச்சுக்கிட்டுப் போயிரும். உங்களுக்கு டியூபு கிடையாது, நீங்கதான் பைய ஊத்தணும்.”

1803-லேயே மான்செஸ்டர்காரர் வில்லியம் ஹென்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: அழுத்தம் ஏற ஏறத் தண்ணீருக்குள் கரையும் வாயுவும் ஏறும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போச்சு, வாயு வெளியே கிளம்பிவிடும். சூடு கூடினாலும் அதே கதிதான். சாதாரணக் காற்றழுத்தத்தில், உறையும் நிலையிலுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 1.7 லிட்டர் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் முக்கால் லிட்டர்கூட நிற்காது. சாரல் குளிர் என் காதுக்கு மப்ளர் கட்டுகிற அளவுக்குத்தான், கேஸுக்குப் போதாது.

ஆகவே பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இட்லி மாவுக்குப் பட்டா உண்டு, எனக்குக் கிடையாது. தேங்காய் உடைத்துத் தருவது, துருவித் தருவது என்று பல ஷரத்துகளுக்குக் கையெழுத்திட்ட பிறகு கதவோரம் ஓரிடம் கிடைத்தது. நுரை பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதிக்காக நான் விஞ்ஞானியானேன். பிரான்சில் ரேம்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார் லிஜே-பெலேர் என்றொருவர் ஷாம்பெயின் குமிழிகளையே ஆராய்ச்சி செய்கிறார். கோப்பையைத் துடைத்த துணியின் பஞ்சு நார் ஒட்டிக்கொண்டிருந்தால், அதற்குள் அடைபட்ட காற்றிலிருந்துதான் குமிழி கிளம்புகிறது என்று காட்டியவர். எங்கள் வீட்டில் தம்ளர் துடைப்பது தேங்காய்ப்பூ துண்டால். கண்டுபிடிப்பை உடனே சமையலறையில் அறிவித்தேன்.

“அப்ப நாளையிலிருந்து நீங்களே கழுவி, நீங்களே ஊதிக் காய வையுங்க” என்றாள் மனைவி. பிரெஞ்சுக்காரர் வீட்டில் பாத்திரம் யார் கழுவுகிறார்கள் என்பது அந்த ஆராய்ச்சியில் இல்லை.

கடைசியாகக் கோலி சோடா போடுகிற அண்ணாச்சியிடம் போனேன். 1872-இல் ஹைரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிய அந்தக் கழுத்து நெரித்த பாட்டிலை இன்னும் சக்கரத்தில் மாட்டித் தலைகீழாகச் சுற்றுகிறார். சுற்றினால்தான் கேஸ் தண்ணீரில் கலக்கும், கோலியும் வாயில் வந்து அடைக்கும். நான் ஹென்றியில் ஆரம்பித்தேன். அவர் பாட்டில் சுற்றுவதை நிறுத்தாமல், “உப்ப எப்பப் போடுதிய?” என்றார்.

“சோடா ஊத்தின பிறகு.”

“பொங்காம என்ன செய்யும்? எலுமிச்சஞ்சாத்துல உப்ப மொதல்ல கரைங்க. ஒரு கல்லு மிச்சம் இருக்கப்பிடாது. தம்ளரச் சாய்ச்சு ஓரமா விடுங்க.”

உப்புக் கல்லின் சொரசொரப்பும் அந்தப் பஞ்சு நார் பார்க்கிற வேலையைத்தான் பார்க்கிறது. இதற்கு நான் பிரான்ஸ் வரை போய்வந்திருக்கிறேன்.

மறுநாள் ஜில்லென்ற தண்ணீர், ஊதிக் காயவைத்த தம்ளர், கரைந்த உப்பு, சாய்த்த கை. ஒரு விரல் அகலத்துக்கு மேல் நுரை ஏறவில்லை. அன்றைக்கென்று மதுரையிலிருந்து மனைவியின் சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். குற்றாலத்தில் குளித்து, பிரானூர் பார்டரில் பரோட்டா தின்று, வெளியே சாரல் பிடித்துக்கொள்ள, திண்ணையில் துண்டைப் போர்த்தியபடி உட்கார்ந்திருந்தார். வெற்றித் தம்ளரை அவர் முன் நீட்டினேன்.

“இந்தக் குளிருக்குச் சோடாவா மாப்ள?” என்று அதைத் தள்ளி வைத்தார். “நல்லா நுரை வர ஆத்தி ஒரு டீ குடுங்க.”

மனைவி கிணற்றடியில் இருந்ததால் நானே போட்டு, நானே ஆற்றிக் கொடுத்தேன். அதில் நுரையே வரவில்லை.