இடப்பக்கம் சாயும் காகிதக் கலம்

காகிதப் பாய்மரப் படகு என்பது, தடித்த தாளில் அச்சிட்ட உறுப்புகளை வெட்டி, மடித்து, ஒட்டி, ஒரு குழந்தையின் பெயரால் ஒரு பெரியவர் கட்டத் தொடங்கும் கலம் என்று வரையறுக்கத்தக்கது. பள்ளியில் கொடுத்த புராஜெக்ட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, நீ போய்த் தூங்கு” என்று பிள்ளையை அனுப்பிவிடும் வழக்கம் நாடறிந்தது. அதனை இங்கு விளக்க வேண்டுவதில்லை. இத்தகைய படகு கட்டி முடிக்கப்பெறும் அரிய தருணங்களில், நீரில் விட்டவுடன் அது எப்போதும் இடப்பக்கமே சாய்வது ஏன் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட படகு, நீரிலிருந்து மீட்கப்பட்டு, கடக்வாஸ்லாவில் ஒரு ஜன்னல் திண்டில், துணி காயப்போடும் கிளிப்புகள் கவ்விய நிலையில் இன்னும் உலராமல் கிடப்பதால், நடையில் சிறிது கடுமை தென்பட்டால் படிப்போர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆய்வுக்களமாகக் கடக்வாஸ்லா அமைந்தது பொருத்தமே. புனேயிலிருந்து சிங்ககட் கோட்டைக்குப் போகும் வழியில், முட்டா ஆற்றின் குறுக்கே 1870களில் எழுந்த அணையை ஒட்டியுள்ள இவ்வூரைச் சுட்ட சோளக்கதிருக்கும் வெங்காய பஜ்ஜிக்கும் ஞாயிறுதோறும் வந்து அடைத்துக்கொள்ளும் கார்களின் ஊராகவே பலர் அறிவர்; ஆனால், மாதிரி செய்வதையே அலுவலாகக் கொண்டு, அதற்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பெறும் பேறு வாய்த்தவர்கள் இங்கே இருக்கிறார்கள் என்பது அவ்வளவாக வெளியில் தெரியாது. 1916இல் பம்பாய் மாகாண அரசு தொடங்கிய பாசன ஆய்வுப் பிரிவிலிருந்து வளர்ந்ததும், இன்று மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையம் என்று வழங்குவதுமான நிறுவனம், துறைமுகங்களையும் ஆறுகளையும் அணைகளின் உபரிநீர்ப் போக்கிகளையும் சிறிதாக்கிக் கட்டி, அவற்றில் தண்ணீரை ஓடவிட்டு, பின்னால் பெரிதாகக் கட்டும்போது நேரக்கூடிய விபரீதங்களை முன்கூட்டியே பார்த்துவிடுகிறது. அதே ஏரியின் இன்னொரு பக்கத்தில், 1955 முதல் இயங்கிவரும் தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் பயிற்சி மாணவர்கள், பீகாக் பே எனப்படும் நீர்ப்பரப்பில் மெய்யான பாய்மரப் படகுகளைச் செலுத்தப் பழகுகிறார்கள். என்.சி.சி. கடற்படைப் பிரிவிலோ கப்பல் மாதிரி செய்வதே பயிற்சிப் பாடங்களுள் ஒன்று. ஆகவே இதெல்லாம் வெட்டிவேலை அல்ல என்று வீட்டில் வாதிடுவதற்கு ஆதாரம் வலுவாகவே உள்ளது. வாதம் எடுபடுவதில்லை என்பது வேறு விஷயம்.

மாதிரிக் கலையின் தலையாய சொல் அளவுவிகிதம் என்பதாகும். அதாவது, மெய்ப்பொருளின் எத்தனையில் ஒரு பங்காக மாதிரி அமைகிறது என்னும் கணக்கு. இங்கிலாந்தின் டார்க்கி நகரில் 1870களின் தொடக்கத்தில் நீண்ட தொட்டி ஒன்றைக் கட்டி, கப்பல் மாதிரிகளை அதில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃபுரூட், நீளம் 100 பங்கு குறைந்தால் அதற்கு இணையான வேகம் 10 பங்குதான் குறையும் என்று காட்டினார். எனவே 100இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியில், கடலில் 12 மணி 25 நிமிடம் எடுக்கும் ஓத ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 75 நிமிடத்தில் முடிந்துவிடும். இவ்விதிக்குக் கடல் கட்டுப்படுகிறது, ஆறு கட்டுப்படுகிறது, கப்பல் கட்டுப்படுகிறது. பசை மட்டும் கட்டுப்படுவதில்லை. படகு எத்தனை பங்கு சிறியதாயினும் பசை உலரும் நேரம் முழு அளவினதாகவே இருக்கிறது. ஃபுரூட் தம் மாதிரிகளைத் தாளில் ஒட்டாமல் மெழுகில் வார்த்துச் செதுக்கினார் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

அளவைத் தெரிந்தே கோணலாக்குவதும் உண்டு. 500இல் ஒரு பங்காகச் சுருக்கிய கழிமுகத்தில் ஆழத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், 10 மீட்டர் நீர் 2 சென்டிமீட்டராகி, தண்ணீரின் பிசுபிசுப்பும் பரப்பு இழுவிசையும் ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்பதால், ஆழத்தை 100இல் ஒரு பங்காக மட்டும் குறைத்து 10 சென்டிமீட்டர் வைத்துக்கொள்வார்கள். இதற்குத் திரித்த மாதிரி என்று பெயர். இதே உத்தி ஜெராக்ஸ் கடையில் தன்னிச்சையாகவும் இலவசமாகவும் நிகழ்கிறது. அமெரிக்கத் தாளளவில் வரையப்பட்ட கோப்பு 216 மில்லிமீட்டர் அகலமுடையது, நம் ஏ4 தாளோ 210 மில்லிமீட்டர்தான். ஆகவே கடைக்காரர் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்னும் கட்டத்தில் ஒரு டிக் அடிக்கிறார், படகு 97 விழுக்காடாகச் சுருங்குகிறது. எல்லாத் தாள்களும் ஒருசேரச் சுருங்கினால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மேல்தளத்தின்மேல் காப்பி கொட்டி, அந்த ஒரு தாளை மட்டும் வேறொரு கடையில் மறுபடி எடுக்கும்போது, அந்தக் கடைக்காரர் நேர்மையாளராக அமைந்துவிடுகிறார். 100 விழுக்காட்டு மேல்தளம் 97 விழுக்காட்டு உடலின்மேல் வந்து உட்கார மறுக்கிறது. 240 மில்லிமீட்டர் நீளப் படகில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். சொல்லும்போது சிறியது, ஒட்டும்போது மாளாதது.

உடலைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். படகின் பக்கச்சுவர், முன்முனையாகிய அணியத்தை நோக்கி உள்வாங்கி வளைகிறது, அதே வேளையில் அடிப்புறம் நோக்கியும் வளைகிறது. தாளோ ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வளையும். இழுக்காமலும் கிழிக்காமலும் மடிக்கும் எந்தப் பரப்புக்கும் அதன் உள்ளார்ந்த வளைவு மாறாது என்று ஜெர்மானியக் கணிதமேதை காஸ் 1827இலேயே நிறுவிவிட்டார். பலாப்பழத்துக்குப் பிரவுன் தாளில் அட்டை போட முயன்ற எவருக்கும் இதற்கு நிரூபணம் தேவைப்படாது. ஒட்டுப்பலகைக்கும் இதே குணம் உண்டு என்பதால்தான், 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்கென வரைந்த ஆப்டிமிஸ்ட் படகு ஏறக்குறைய ஒரு பெட்டி போலவே இருக்கிறது. ஜாக் ஹோல்ட் 1956இல் வரைந்ததும் இந்தியப் பாய்மரச் சங்கங்களில் வெகுவாகப் பழகியதுமான எண்டர்பிரைஸ் படகின் உடலும் விளிம்பு தெரியும்படி தட்டைப் பலகைகளால் ஆனதே. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்துப் பின் பிசின் பூசிய கண்ணாடியிழை நாடாவால் மூடும் முறை 1960களில் மிரர் என்னும் படகால் உலகெங்கும் புகழ் பெற்றது. ஆயினும், ஆணியும் உட்சட்டமும் இன்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகளில்தான், துறைமுகம் கட்டப்படும்வரை, சென்னைக் கரையின் அலைகளைத் தாண்டிக் கவர்னர்களும் பெட்டி படுக்கைகளும் இறங்கினார்கள் என்பதைச் சோழமண்டலக் கரையார் சொல்லிக் காட்டாமல் விடுவது அவர்களுடைய பெருந்தன்மை. தைப்பதற்கு நூல் போதும். ஒட்டுவதற்கோ ஒட்டுக்காது வேண்டும். ஒட்டுக்காது என்பது உறுப்பின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மடிப்பு. பசையைத் தாங்குவதற்கென்றே அமைந்த இதனை, தேவையற்ற தாள் என்று கருதிச் சீராக வெட்டி எறிந்துவிடுவது ஒட்டுநரின் முதற்கடமையாக இருந்துவருகிறது.

இனிக் குறிப்புத்தாள். உறுப்புத்தாள்களோடு வரும் இவ்விளக்கப் படங்களில் ஒரு கை தோன்றும். உடலற்ற கை, மணிக்கட்டோடு முடிந்துவிடும். நகம் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கும், கைக்கடிகாரம் இல்லை, மோதிரம் இல்லை, பூசிக் காய்ந்த பசை தோலோடு உரிந்து வரும் வெண்திட்டு ஒன்றுகூட இல்லை. அந்தக் கை இரு விரலால் பக்கச்சுவரைப் பற்றியிருக்கும் இலாவகத்தைக் கண்டால், வாழ்க்கையில் ஒருமுறையேனும் மீன் முள் எடுத்த கைதானா என்ற ஐயம் எழுகிறது. அடுத்த படத்தில் இன்னொரு கை சேர்ந்துகொள்ளும். அது முதற்கையின் இணையா, பக்கத்து வீட்டாருடையதா என்று படத்திலிருந்து அறிய இயலாது, ஏனெனில் இரண்டுமே வலக்கைகள். ஆறாம் படத்தின்படி இடச்சுவரை ஒரு கை பிடிக்க வேண்டும், வலச்சுவரை ஒரு கை பிடிக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே அடிக்கட்டையை ஒரு கை மேல்நோக்கி அழுத்த வேண்டும், அணியத்தின் உள்மூலையில் ஒட்டுக்காதை ஒரு கை சாமணத்தால் இழுக்க வேண்டும், இவ்வளவும் நடக்கும்போது பாய்மரம் நிற்கும் துளை நேராக இருக்கிறதா என்று எதிர்ப்பக்கமிருந்தும் மேலிருந்தும் பார்க்க வேண்டும். கைகள் பன்னிரண்டும் முகங்கள் ஆறும் உள்ள வாசகரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட நூல் இது என்பது தெளிவு. அத்தகையவர் ஒருவர் தமிழர்க்கு மிகவும் வேண்டியவராயினும், அவருடைய கைகளில் வேல் முதலிய படைக்கலங்கள் முன்னரே இருப்பதால் பசைக்குழாய்க்கு இடமிருக்குமா என்பது ஐயமே. அவருக்கேகூட, ஆறாம் படத்தின் நடுவே கேஸ் சிலிண்டர்காரர் வந்து மணி அடித்தால், கதவைத் திறக்க ஒரு கை மிச்சமிராது. படத்திலுள்ள கைக்கோ மணி அடிப்பதில்லை, போன் வருவதில்லை, மூக்கு அரிப்பதில்லை, மூக்கே இல்லை. ஒட்டுநரின் மூக்கு இரு கையும் பசையில் தோய்ந்த கணத்தில்தான் அரிக்கும் என்பது இதுவரை எந்த ஆய்வகத்திலும் சோதிக்கப்படாத இயற்கை விதி. கடைசிப் படத்தில் கை காணாமல் போய், முடிந்த படகு மட்டும் நீலக் கோடுகளின்மேல் மிதக்கிறது. அந்தக் கை எங்கே போயிற்று, எவரிடம் சம்பளம் வாங்குகிறது, வீட்டில் அதற்குச் சாப்பாடு பரிமாறும்போது ‘முடிஞ்சுதா?’ என்று எவரேனும் கேட்டதுண்டா என்பனவெல்லாம் குறிப்புத்தாளில் இல்லை. போலந்தில் 1957இல் வெளிவரத் தொடங்கிய மாவி மொடெலாஸ் என்னும் தாள்மாதிரி இதழ் போர்க்கப்பல்களையே கட்டவைத்தது. அதன் குறிப்புகள் போலிஷ் மொழியில் இருப்பதால், அம்மொழி அறியாதார்க்கு அவை எந்தக் குழப்பமும் விளைவிப்பதில்லை என்பது அவ்விதழின் சிறப்பு.

குறிப்புத்தாளின் வரிசைமுறையும் நீதியற்றது. ஒன்பதாம் படியில் மேல்தளத்தை ஒட்டி உடலை மூடச் சொல்லிவிட்டு, பதினான்காம் படியில் ‘உள்ளே முடிச்சிட்ட நூலை வெளியே இழுக்கவும்’ என்று சொல்பவரின் நெஞ்சுரத்தை வியக்கலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை. படகைத் திறந்தால் ஒட்டுக்காது பிய்ந்து அச்சு நிறம் உரியும். திறக்காவிட்டால் பாய்க்கு நூலில்லை. துளை வழியே ஊதுவத்திக் குச்சியை விட்டுத் துழாவி, சூயிங்கம் தடவிய தையல் ஊசியால் நூல் நுனியைப் பிடிக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அது பலித்ததாகச் சொல்வோர் அனைவரும் வேறொருவருக்குப் பலித்ததாகவே சொல்கிறார்கள்.

இவ்வளவுக்கும் மேல், புரட்டாசி வரை நீளும் புனே மழைக்காலம். தாளின் நார்கள் ஆலையில் ஓடும் திசையிலேயே பெரும்பாலும் படுத்திருப்பதால், ஈரம் பட்டால் தாள் நார்வாக்கில் அவ்வளவாக நீளாது, குறுக்கில் நன்றாகவே விரியும்; மேல்தளத்தின் நார் நெடுக்காகவும் அடித்தளத்தின் நார் குறுக்காகவும் அமைந்துவிட்டால், சாயங்காலத்துக்குள் படகு நிமிர்ந்த வில்லாகிவிடும். மடிப்புக்கோட்டை முதலில், எழுதித் தீர்ந்த ரீஃபிலால் ஸ்கேலை வைத்து அழுத்திக் கீற வேண்டும். தீராத ரீஃபிலால் கீறினால் படகுக்கு நீலக் கரை போட்டதாகும். வீட்டில் தீர்ந்த ரீஃபில் எப்போதும் இருபது இருக்கும், தேடும்போது மட்டும் எல்லாம் எழுதும். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை தாளை ஒருபுறமாகச் சுருட்டுகிறது என்பதால் பழைய முறைப்படி சோற்றுப் பருக்கையை நசுக்கித் தடவியவர்களும் உண்டு. பிடிப்பில் குறை சொல்ல முடியாது. இரவில் எறும்புகள் மேல்தளத்தில் ஏறிப் பார்வையிட்டன.

இனிச் சாய்வுக்கு வரலாம். பாயில் படும் காற்று படகைக் கவிழ்க்க முயலும் திருப்புவிசை, பாயின் பரப்பையும் அதன் உயரத்தையும் பொறுத்தது. ஆகவே நீளம் 10 பங்கு குறைந்தால் அது 1000 பங்கு குறையும். படகை நிமிர்த்தும் திருப்புவிசையோ எடையையும் அகலத்தையும் பொறுத்ததால் 10,000 பங்கு குறைந்துவிடும். காற்று மட்டும் மாதிரிக்காகச் சிறுத்து வீசுவதில்லை. எனவே சிறிய படகு பெரிய படகைவிடப் 10 மடங்கு எளிதாகச் சாய்கிறது. மாதிரிப் படகுப் பந்தயக்காரர்கள் ஆழமான அடித்துடுப்பின் நுனியில் ஈயக்குண்டு பொருத்துவது இதனால்தான். ஈயம் கிடைக்காதவர்கள் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டுகிறார்கள். அரசின் பொறுப்பில் வெளியிடப்பட்டதாயினும் அது போதுமானதாக இல்லை.

இதனால் விளங்குவது படகு சாய்வதற்கான காரணம் மட்டுமே. இடப்பக்கம் சாய்வதற்கான காரணம் தனி. அதற்கு முன் உறுப்பு 37ஐப் பற்றித் தீர்மானித்தாக வேண்டும். படகு முழுவதும் ஒட்டி முடிந்தபின் மேசையில் எஞ்சிய இவ்வுறுப்பு முக்கோண வடிவினது, இரு ஒட்டுக்காதுகள் உடையது, குறிப்புத்தாளின் எந்தப் படத்திலும் இடம்பெறாதது. சுக்கானின் பகுதி என்று கொண்டால் சுக்கான் ஏற்கெனவே முழுமையாக உள்ளது. முன்பாயின் துண்டு என்று கொண்டால் அதன் நிறம் பழுப்பு. பெட்டியைத் திருப்பிப் பார்த்ததில் அங்கே 37க்கு விளக்கம் இல்லை. அடுத்து வாங்க வேண்டிய மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றின் படமும், அதன் கீழே ‘8 வயதுக்கு மேற்பட்டோர்க்கு’ என்னும் அறிவிப்பும் மட்டுமே இருந்தன. ஒட்டுநரின் வயதாகிய ஐம்பத்திரண்டும் எட்டுக்கு மேற்பட்டதே ஆகையால் சட்டப்படி இதில் பிழையில்லை. எட்டு வயதுக்காரர் பக்கத்து அறையிலிருந்து எழுந்து வந்து, உறுப்பு 37 படகைத் தரையில் நிறுத்திவைக்கும் தாங்கி என்றும், அது முதல் தாளிலேயே போட்டிருக்கிறது என்றும் கூறிவிட்டு, தண்ணீர் குடித்துத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.