பஸ் வராத ஊரின் நிழற்குடை

இங்கிலாந்தின் கிராமத்தானுக்கு அதிகாரம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனுக்கென்று பாரிஷ் கவுன்சில் இருக்கிறது. நாடு முழுக்கப் பத்தாயிரம் வாக்கில் தேறும். சாலையோரம் பெஞ்சு போட அதற்கு 1957ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தருகிறது. ஊர்க் கடிகாரம் வைக்கவும் அதே சட்டம்தான். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் நனையாமல் நிற்க நிழற்குடை கட்டுவதற்கு 1953ஆம் ஆண்டுச் சட்டம். பஸ்? அது பாரிஷின் கையில் இல்லை. 1985ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் லண்டனுக்கு வெளியே இருந்த பஸ் தடங்களையெல்லாம் சந்தையில் விட்டுவிட்டது. லாபம் வரும் தடத்தில் கம்பெனி ஓட்டும். வராத தடத்தில் கவுண்டி கவுன்சில் மானியம் கொடுத்தால் ஓட்டும், கொடுக்காவிட்டால் நிறுத்தும். மான்செஸ்டர் போன்ற பெருநகரம் 2023 முதல் தன் பஸ்களைத் திரும்பக் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. கிராமமோ வேண்டுமானால் தன் உண்டியலை உடைத்து பஸ்ஸுக்கு நன்கொடை தரலாம். அதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஒரு சர்ச், ஒரு பப், நடுவில் புல்வெளி, அதன் ஓரத்தில் முதல் உலகப் போரில் செத்த பையன்களின் பெயர் வெட்டிய கல். வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தாலும் இப்படியொரு ஊர் கிடைக்கும், நான் சொல்லும் கூட்டமும் அங்கே நடந்திருக்கும். நிழற்குடை ஓக் மரத்தில் செய்தது. ராணியின் ஏதோ ஒரு ஜூபிலிக்குக் கட்டினார்கள், பித்தளைத் தகடு பளபளக்கிறது. உள்ளே நேர அட்டவணைக்கென்று கண்ணாடிப் பெட்டி. அதில் அட்டவணை இல்லை, காணாமல் போன பூனையின் படம் இருக்கிறது.

நிகழ்ச்சி நிரலின் ஒன்பதாவது பொருள் இந்த நிழற்குடையின் கூரையில் படர்ந்த பாசி. சுரண்டினால் ஓடு பெயர்ந்துவிடும் என்கிறார் ஒரு கவுன்சிலர். பாசி ஊரின் அழகில் சேர்த்தி என்கிறார் இன்னொருவர். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கவேண்டும் என்று நினைவூட்டுகிறார் கிளார்க். கூரை வேலைக்கு வர ஒரே ஒரு ஆள்தான் சம்மதித்திருக்கிறார், அவர் தலைவரின் மைத்துனர். உடனே தலைவர் தனக்கு இதில் சொந்த நலன் உண்டென்று அறிவித்து எழுந்து வெளியே போகிறார். மழையில் நின்று சிகரெட் பிடிக்கிறார். முக்கால் மணி நேரம் கழித்துப் பொருள் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. நாணயத்தில் குறை சொல்ல முடியாது. லண்டனில் கோடிகள் கைமாறும்போது இப்படி யாராவது எழுந்து மழையில் நின்றிருந்தால் நாடு வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதற்கு முன்பே, பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய பதினைந்து நிமிடத்தில், கடைசி வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து பஸ் எப்போது திரும்ப வரும் என்று கேட்டிருந்தார். அது கவுண்டியின் காரியம் என்று பரிவோடு விளக்கப்பட்டது. அவருடைய கவலை கூட்டக் குறிப்பில் ஏறும் என்றும் உறுதி தரப்பட்டது. ஏறியது. அங்கேயே இருக்கிறது.

அவர் அந்த நாற்காலியில் உட்கார முடிந்ததே ஒரு சட்டத்தின் தயவு. உள்ளாட்சிக் கூட்டங்களுக்குள் பொதுமக்களை விடவேண்டும் என்று 1960இல் வந்தது அந்தச் சட்டம். மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போதுதான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்திருந்த மார்கரெட் தாட்சர். தன் கன்னிப்பேச்சையே அதற்காகத்தான் பேசினார். இருபத்தைந்து ஆண்டு கழித்து பஸ்ஸைச் சந்தைக்கு அனுப்பியதும் அவருடைய அரசுதான். கூட்டத்துக்கு வரும் உரிமையை ஒரு கையால் கொடுத்த அம்மையார், வந்து சேரும் வழியை மறு கையால் வாங்கிக்கொண்டார்.

இந்தக் கவுன்சில்கள் பிறந்த கதையில் கோபம் இருந்தது என்பதை இன்று யாரும் நினைப்பதில்லை. அதுவரை ஊர்க் காரியங்களை சர்ச்சோடு ஒட்டிய வெஸ்ட்ரிதான் பார்த்துவந்தது. பண்ணையாரும் பாதிரியாரும் வைத்ததே அங்கே சட்டம். ஏர் பிடிப்பவனும் வந்து ஓட்டுப் போடட்டும், கல்யாணமான பெண்ணும் போடட்டும், வேண்டுமானால் தேர்தலில் நிற்கட்டும் என்றது கிளாட்ஸ்டன் அரசின் மசோதா. நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போடப் பெண்கள் 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இத்தோடு சேர்த்துப் பாருங்கள். பிரபுக்கள் சபைக்கு வயிறு எரிந்தது. மசோதாவைக் கண்டபடி கத்தரித்துத் திருப்பி அனுப்பினார்கள். 1894 மார்ச் 1 அன்று 84 வயதில் கிளாட்ஸ்டன் காமன்ஸ் சபையில் பேசிய கடைசிப் பேச்சு அந்தக் கத்தரிப்பைக் கண்டித்துத்தான். அதோடு அவர் பிரதமர் பதவியை விட்டுப் போய்விட்டார். சட்டம் கத்தரித்தபடியே வந்து சேர்ந்தது. வீடு கட்ட அனுமதி கேட்டு மனு வந்தால் பாரிஷ் இன்றும் கருத்துதான் சொல்லலாம், தீர்ப்பு மேலே இருக்கும் கவுன்சிலுடையது. வயலில் முந்நூறு வீடு வேண்டாம் என்று பக்கம் பக்கமாக எழுதலாம். பெற்றுக்கொண்டோம் என்று மறுமொழி வரும். பிறகு முந்நூறு வீடும் வரும்.

மக்களே திட்டம் தீட்டட்டும் என்று 2011இல் ஒரு சட்டம் போட்டார்கள். கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊரார் அதை நம்பினார்கள். அங்கே கடலைப் பார்க்கும் வீடுகளையெல்லாம் வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கிப் பூட்டிப்போட, மீன்பிடிப்பவனும் நர்ஸும் ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. 2016இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். இனிக் கட்டும் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களே இருக்கவேண்டும் என்று 83 சதவீதம் பேர் சொன்னார்கள். உயர் நீதிமன்றத்துக்குப் போன வழக்கிலும் ஊர்தான் வென்றது. ஆனால் விதி புது வீட்டுக்கு மட்டும். ஏற்கெனவே நிற்கும் வீட்டை யாரும் வாங்கலாம், வாங்கி ஆண்டு முழுக்கப் பூட்டியும் வைக்கலாம். இதில்தான் இருக்கிறது சாமர்த்தியம். ஊர் ஜெயித்ததுபோலவும் இருக்கவேண்டும், எவருடைய சொத்தின் விலையும் ஒரு காசுகூடக் குறையக்கூடாது.

2020 டிசம்பரில் செஷயரின் ஹேண்ட்ஃபோர்த்தில் நடந்த பாரிஷ் கவுன்சில் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், பாதி உலகம் பார்த்தது. கொரோனா காலம், ஆளுக்கொரு கணினித் திரை. கூட்டத்தை நடத்திக்கொடுக்க வெளியிலிருந்து வந்தவர் ஜாக்கி வீவர். உங்களுக்கு இங்கே அதிகாரம் கிடையாது என்று தலைவர் அவரிடம் உறுமினார். அந்த அம்மா ஒரு பொத்தானை அமுக்கித் தலைவரையே வெளியே தள்ளினார். நிலையாணைகளைப் படியுங்கள், படித்துப் புரிந்துகொள்ளுங்கள் என்று இன்னொருவர் கத்தினார், அவரும் வெளியே போனார். 2021 பிப்ரவரியில் காணொளி பரவியதும் நாடே வயிறு வலிக்கச் சிரித்தது. பிறகு புகார், விசாரணை, வக்கீல். செஷயர் ஈஸ்ட் கவுன்சிலுக்கு ஆன செலவு சுமார் 85,000 பவுண்டு. கண்டுபிடித்தது என்ன தெரியுமா? தலைவரை வெளியேற்ற ஜாக்கி வீவருக்கு முறைப்படி அதிகாரம் இல்லை, ஆனாலும் அந்த நேரத்தில் அவர் செய்தது புரிந்துகொள்ளக்கூடியதே என்று.

இருபது பவுண்டுகூடப் பெறாத ஞானம். அன்று அந்தத் திரையில் இருந்த யாருக்குமே பெரிதாக அதிகாரம் இல்லை. இருந்த கொஞ்சத்துக்குத்தான் அந்தக் குடுமிப்பிடி. நாடு சிரித்த சிரிப்பில் யாருக்கு லாபம் என்று யோசிக்கவேண்டும். உள்ளூர் ஜனநாயகம் என்றால் கிழடுகள் கத்திக்கொள்வது என்று ஒரு படம் மனத்தில் பதிந்துவிட்டால், அதன் கஜானாவைக் காலி செய்தவனை யாரும் தேடப் போவதில்லை.

அவன் முகவரி ஒன்றும் ரகசியமில்லை. இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு தந்துவந்த நிதி 2010க்கும் 2018க்கும் இடையில், விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், பாதியாகிவிட்டது. 49 சதவீதம் வெட்டு என்பது தேசியத் தணிக்கை அலுவலகத்தின் கணக்கு. வெட்டத் தொடங்கிய அதே 2010இல்தான் பிரதமர் டேவிட் கேமரன் லிவர்பூலில் நின்று பெருஞ்சமூகம் என்று முழங்கினார். அரசு செய்வதை இனி மக்களே கூடிச் செய்யப் போகிறார்களாம். ஊர் கூடித் தேர் இழுப்பது நல்ல காரியம்தான். தேரை விற்றுத் தின்றுவிட்டு வடத்தை மட்டும் ஊரார் கையில் கொடுத்தால் எதை இழுப்பது?

நார்தாம்ப்டன்ஷயரைப் பாருங்கள். 5.3 கோடி பவுண்டில் கவுண்டி கவுன்சில் ஒரு புதுத் தலைமையகம் கட்டி 2017இல் திறந்தது. அடுத்த பிப்ரவரியில் கையில் காசில்லை, புதுச் செலவு எதுவும் செய்யமுடியாது என்று அறிவித்தது. பிறகு அந்தக் கட்டடத்தை விற்று அதிலேயே வாடகைக்கு இருந்தது. மூடலாம் என்று பட்டியல் போட்டது எதை? 21 நூலகங்களை. ஊர் ஊராக வயதானவர்கள் பதாகை பிடித்தார்கள். கடைசியில் என்ன சொல்லப்பட்டது? உங்கள் நூலகத்தை நீங்களே நடத்திக்கொள்ளலாமே, சம்பளமில்லாமல். 2021இல் அந்தக் கவுண்டி கவுன்சிலே கலைக்கப்பட்டுவிட்டது. கலைந்தவர்களில் யாரும் சம்பளமில்லாமல் புத்தகம் அடுக்கப் போனதாகத் தெரியவில்லை.

சுமை கீழே இறங்குவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. கவுண்டியும் டிஸ்ட்ரிக்டும் வரியை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் மக்கள் வாக்கெடுப்பு நடத்தவேண்டும். பாரிஷ் போடும் ப்ரிசெப்ட் வரிக்கு இதுவரை அந்தக் கடிவாளம் இல்லை. ஆகவே புல் வெட்டுவது, பூங்காவைப் பார்ப்பது, பொதுக் கழிப்பறை எல்லாம் அதிகாரப் பரவல் என்ற பெயரில் ஒவ்வொன்றாகப் பாரிஷின் தலையில் விழுகின்றன. கார்ன்வாலில் பெரும்பாலான கழிப்பறைகள் அப்படித்தான் கைமாறின. கொடுக்காவிட்டால் பூட்டிவிடுவோம் என்ற பேச்சுக்கு ஊர் என்ன பதில் சொல்லும்? மூத்திரம் போவதற்குக் கொள்கை முடிவு கிடையாது. ஊரார் முன்பு கொடுத்த வரியையும் கொடுக்கிறார்கள், அதே வேலைக்கு இன்னொரு வரியும் கொடுக்கிறார்கள். மேலே இருப்பவர், வரியை நாங்கள் அதிகம் ஏற்றவில்லையே என்று கையை விரித்துக் காட்டுகிறார். ஏற்றிய பழி வாரத்துக்குச் சில மணி நேரச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் கிளார்க்கின் தலையில்.

வரி போதாதபோது கேக். இங்கிலாந்துக் கிராமத்தின் நிதியமைச்சகம் எலுமிச்சை கேக்கில் நடக்கிறது. இப்போதெல்லாம் ஊர் தோறும் ஒரே சமூகத் திட்டம்: சிவப்புத் தொலைபேசிக் கூண்டு. ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் 1935இல் வரைந்த அதே அழகான கூண்டு. கைப்பேசி வந்தபின் ஆதாயமில்லை என்று 2008 முதல் பிரிட்டிஷ் டெலிகாம் அவற்றை ஊர்களுக்கு 1 பவுண்டுக்குக் கொடுத்துவருகிறது. கூண்டு மட்டும்தான், தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு. ஊரார் பெயின்ட் அடித்து, கண்ணாடி துடைத்து, உள்ளே இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவியை மாட்டுகிறார்கள். கருவி உயிர் காக்கும், கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அது ஏன் அங்கே தேவைப்படுகிறது என்று கேளுங்கள். நெஞ்சுவலி, பக்கவாதம் என்று அழைத்தால் ஆம்புலன்ஸ் சராசரியாக 18 நிமிடத்தில் வரவேண்டும் என்பது இலக்கு. 2022 டிசம்பரில் இங்கிலாந்தின் சராசரி 1 மணி 32 நிமிடம். இது நகரத்தையும் சேர்த்த கணக்கு. பழைய நாளில் அந்தக் கூண்டிலிருந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம், வரும். இன்று கூண்டில் கருவி இருக்கிறது, தொலைபேசி இல்லை, பள்ளத்தாக்கில் கைப்பேசிக்குச் சிக்னலும் இல்லை.

திறப்பு விழாவுக்கு எம்.பி. வருவார். ஒவ்வொரு வெட்டுக்கும் ஆதரவாகக் கை தூக்கிய அதே எம்.பி. தன் காரில்தான் வருவார். ரிப்பனை வெட்டுவார். வெட்டுவதில் பழக்கம் உண்டு. சமூகத்தின் சக்திக்கு இதுவே சாட்சி என்பார். சமூகத்துக்குச் சராசரி வயது எழுபத்தொன்று, காற்றில் நிற்க முடியாமல் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். பஸ்ஸைப் பற்றிக் கேட்ட மூதாட்டிதான் அன்றைய கேக் மேசைக்குப் பொறுப்பு. எம்.பி. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஜேபியிலிருந்து 2 பவுண்டு எடுத்துத் தட்டில் போடுவார். இனாமாக வாங்கித் தின்றார் என்று நாளைக்கு எவரும் சொல்லக்கூடாதல்லவா. 2009இல் தங்கள் சக உறுப்பினர் ஒருவர் குளத்தில் வாத்துக்கு வீடு வாங்கிய கணக்கையும் நாடாளுமன்றத்திடம் நீட்டினார் என்று ஊர் சிரித்ததை எம்.பி.க்கள் மறக்கவில்லை.

பிறகு குனிந்து, மெதுவான குரலில், இதற்கு ரசீது கிடைக்குமா என்று கேட்பார்.