க.விலக்கில் இறங்குங்கள்

அமெரிக்கக் குடியரசுக் கட்சி, பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி, பெயரில் மட்டும் லிபரலாக இருக்கும் ஆஸ்திரேலிய லிபரல் கட்சி, இன்னும் உலகில் எங்கெல்லாம் 'சர்க்கார் வைத்தியம் பார்த்தால் நாடு குட்டிச்சுவராகும்' என்று நம்பும் கனவான்கள் உண்டோ, அவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் உங்களுக்கென்று ஒரு பயிற்சி முகாம் நடத்த உத்தேசித்திருக்கிறோம். பொருள்: 'எல்லோருக்கும் மருத்துவம் என்பதை எதிர்க்காமலேயே ஒழித்துக்கட்டுவது எப்படி?' மதுரையில் குமுளி பஸ் ஏறுங்கள். உசிலம்பட்டி, கணவாய், ஆண்டிபட்டி எல்லாம் தாண்டியதும் 'கானாவிலக்கெல்லாம் இறங்கு' என்று கண்டக்டர் சத்தம் போடுவார். அந்தக் க.விலக்கில்தான் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தங்குமிடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. நோட்டுப் புத்தகம் மட்டும் கொண்டுவாருங்கள். இந்தத் தொழிலில் நீங்கள் இன்னும் கத்துக்குட்டிகள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் சரித்திரத்தையே பாருங்கள். 1961-ல் அமெரிக்க மருத்துவர் சங்கம் ரொனால்டு ரீகன் என்ற நடிகரைப் பிடித்து ஓர் இசைத்தட்டில் பேசவைத்தது. வயசானவர்களுக்கு அரசாங்கம் வைத்தியச் செலவு கொடுத்தால் பின்னாலேயே சோஷலிசம் வந்துவிடும் என்று அவர் எச்சரித்தார். டாக்டர் வீட்டம்மாக்கள் காபி போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிவைத்து அதைக் கேட்கச் செய்தார்கள். நாலே வருஷத்தில், 1965-ல், மெடிகேர் சட்டமாகிவிட்டது. காபித்தூள்தான் தண்டம்.

பிரிட்டனில் 1946-ல் தேசிய சுகாதார சேவை மசோதாவை எதிர்த்து கன்சர்வேடிவ்கள் ஓட்டுப் போட்டார்கள். 1948 ஜூலை 5 அன்று அது நடைமுறைக்கு வந்தே விட்டது. இன்றைக்கு அந்தக் கட்சித் தலைவர் எவராவது அதை மூடுவேன் என்று மேடையேறிச் சொல்ல முடியுமா? டெபாசிட் போகும். ஆஸ்திரேலியாவில் 1975-ல் தொழிற்கட்சி கொண்டுவந்த மெடிபேங்கை உங்கள் ஃப்ரேசர் ஆட்சி பிரித்து மேய்ந்தது. 1984-ல் மெடிகேர் என்று பெயர் மாறி அது திரும்பி வந்தது.

எல்லாவற்றிலும் பெரிய கூத்து ஒபாமாவின் 2010 சட்டம். அதற்கு உங்களில் ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை. அதை ஒழிக்கக் கீழவையில் ஐம்பது தடவைக்கு மேல் வாக்கெடுப்பு நடத்தினீர்கள். கடைசியில் 2017 ஜூலை 28 நள்ளிரவு தாண்டி, மூளையில் புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்களே ஆகியிருந்த உங்கள் ஜான் மெக்கெய்னே செனட்டுக்கு வந்து கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டார். 51-க்கு 49. ஏழு வருஷ உழைப்பு ஒரு விரலில் போனது. 2025 ஜூலை 4 அன்று ஏழைகளுக்கான மெடிகெய்டில் கைவைத்து, பட்ட அவமானத்தைக் கொஞ்சம் துடைத்துக்கொண்டீர்கள். அந்தச் சட்டத்தால் 2034-க்குள் சுமார் ஒரு கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்று உங்கள் நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொல்லியிருக்கிறது. சட்டத்துக்கு நீங்கள் வைத்த பெயர் 'ஒரே பெரிய அழகான மசோதா'. பெயர் வைப்பதில் மட்டும் எங்கள் ஊர் வாசனை அடிக்கிறது.

உங்கள் தவறு எங்கே தெரியுமா? எதிர்ப்பதில். பாரதப் போர் முடிந்ததும் திருதராஷ்டிரன் பீமனை வையவில்லை, அடிக்கவில்லை. 'வா மகனே' என்று தழுவக் கூப்பிட்டான். கிருஷ்ணன் குறுக்கே நகர்த்திய இரும்புப் பதுமை அந்தத் தழுவலில் பொடிப்பொடியானது. நாங்கள் எடுக்கப்போவது அந்த வகுப்பு. எங்கள் நாட்டில் எல்லோருக்கும் மருத்துவம் கூடாது என்று சொல்லும் கட்சி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாரும் தழுவுகிறவர்கள்.

முதல் பாடம்: திட்டத்தைத் திட்டாதே, அதில் உன் முகத்தை ஒட்டு.

ஒபாமா சட்டத்தை 'ஒபாமாகேர்' என்று ஊரெல்லாம் பரப்பியது நீங்கள்தானே? எதிராளியின் பெயரைத் திட்டத்துக்கு நீங்களே சூட்டுவீர்களா? எங்கள் பேரூராட்சி வார்டு கவுன்சிலர்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டார். தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் பெயரில் உயிர்காக்கும் காப்பீடு வந்தது. 2011-ல் ஆட்சி மாறியது. கலைஞர் பெயர் போனது, 2012 ஜனவரியில் முதலமைச்சர் பெயரில் விரிவான காப்பீடு வந்தது. இடையில் அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்துக் காத்திருந்தவனின் இருதயத்துக்கு எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை. 2018-ல் டெல்லியிலிருந்து ஆயுஷ்மான் பாரத் வந்தது. உலகத்திலேயே பெரியது என்ற விளம்பரத்தோடும், பிரதமரின் படம் போட்ட கடிதத்தோடும் வந்தது.

குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2021-ல் ஒருவர் தடுப்பூசிச் சான்றிதழில் பிரதமர் படம் எதற்கு என்று உயர்நீதிமன்றத்தில் கேட்டார். மனுவைத் தள்ளி ஒரு லட்ச ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அப்பீலில் அதை 25,000 ஆகக் குறைத்தார்கள். நோயாளிக்குத் தள்ளுபடி கிடைப்பது அபூர்வம், அவருக்குக் கிடைத்தது. உங்களில் டிரம்ப் ஒருவர்தான் இந்தக் கலையில் தேறக்கூடியவர். 2020-ல் கொரோனா நிவாரணக் காசோலைகளில் தன் பெயரை அச்சடிக்கச் செய்தார். அவருக்கு முன்வரிசை நாற்காலி ஒதுக்கியிருக்கிறோம்.

இரண்டாம் பாடம்: ஆஸ்பத்திரி கட்டாதே, அட்டை கொடு.

ஆஸ்பத்திரி கட்டினால் டாக்டர் போடவேண்டும், நர்ஸ் போடவேண்டும், தண்ணீர், கரண்ட், மருந்து, சம்பளம் என்று ஆயுசுக்கும் செலவு. காப்பீட்டு அட்டை அப்படியில்லை. பிளாஸ்டிக். சட்டைப்பைக்குள் அடங்கும். ஓட்டுக் கேட்கும்போது 'அஞ்சு லட்சம் கொடுத்திருக்கோம்' என்று சொல்லிக்கொள்ளலாம். அஞ்சு லட்சத்தையும் கண்ணால் பார்த்தவர் அந்தத் தெருவில் இருக்கமாட்டார்.

அட்டையால் பிழைத்தவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நாக்கு அழுகும். இருதய அடைப்பு நீக்கி, டயாலிசிஸ் செய்து, அந்த அட்டை பல வீடுகளில் தாலியைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது எதற்குப் பிறந்ததோ அதற்குத்தான் உதவும். அட்மிட் ஆகிப் படுத்தால் காசு. எழுந்து நடமாடும் நோய்க்குக் காசு கிடையாது.

கம்பம் பள்ளத்தாக்கில் கோம்பை, தேவாரம், போடி, கம்பம் என்று எந்த ஊரிலும் விடியுமுன் ஜீப் சத்தம் கேட்கும். ஏலக்காட்டு வேலைக்குப் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறி அடைந்துகொண்டு கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் போவார்கள். மருந்தடித்த செடிக்கு நடுவே குனிந்து காய் எடுத்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். முழங்கால் வலி, தலைச்சுற்றல், சர்க்கரை, பிரஷர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெளிநோயாளிப் பிரிவு நடக்கிற நேரத்தில் அவள் கேரளத்து மலையில் நிற்கிறாள். அதனால் பொழுதுசாய ஒரு தனியார் கிளினிக். அங்கே நடக்கும் பேச்சைக் கேளுங்கள்.

"அட்டை இருக்கு சார், இந்தா பாருங்க."

"அட்டையெல்லாம் அட்மிஷனுக்குத்தாம்மா. ஊசிக்கும் டெஸ்ட்டுக்கும் கையிலதான் கட்டணும்."

"அஞ்சு லட்சம்னு சொன்னாங்களே சார்..."

"படுத்தாத்தாம்மா அஞ்சு லட்சம்."

ஒரு நாள் கூலி அங்கேயே போய்விடும். அவள் எப்போது படுப்பாள் என்று அஞ்சு லட்சம் அமைதியாகக் காத்திருக்கும். நாடு முழுக்க மருத்துவத்துக்கு ஆகும் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் இப்படித் தங்கள் கையிலிருந்தே கொடுக்கிறார்கள் என்று 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. 2025-க்குள் அரசின் மருத்துவச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதினார்கள். அதே கணக்குப்படி 2021-22-ல் இருந்தது 1.84. அந்த 2025-ம் வந்தது, போனது, ஒரு மந்திரியும் வாய் திறக்கவில்லை.

அகமலைப் பக்கத்து மலைக்குடிகளில் பிரசவ வலி எடுத்தால் இன்றைக்கும் டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். அந்தப் பெண்ணிடமும் அட்டை இருக்கலாம். அதைக் கம்பில் கட்டினால் டோலி தாங்காது.

மூன்றாம் பாடம்: கணக்குக்கு அஞ்சாதே.

2023-ல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆயுஷ்மான் பாரத்தைப் புரட்டிப் பார்த்தார். ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகளுக்கு ஒரே செல்போன் எண். எல்லாமே ஒன்பது. தமிழ்நாட்டில் ஏழே ஆதார் எண்களில் 4,761 பேர் பதிவாகியிருந்தார்கள். இறந்துபோனவர்கள் என்று பதிவான 3,446 பேருக்குச் சிகிச்சை அளித்ததாக 6.97 கோடி ரூபாய் ஆஸ்பத்திரிகளுக்குப் போயிருந்தது. செல்போன் எண்ணை வைத்து நாங்கள் யாரையும் சரிபார்ப்பதில்லை என்று அரசு விளக்கம் சொன்னது. உங்கள் நாட்டில் உயிரோடு இருப்பவனுக்கே வைத்தியம் தரலாமா என்று இன்னும் விவாதம் செய்கிறீர்கள். நாங்கள் மயானம் வரைக்கும் போய்விட்டோம். எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும்தான்.

நான்காம் பாடம்: நீ திறந்த ஆஸ்பத்திரியில் நீ படுக்காதே.

ஆண்டிபட்டி இரண்டு முதலமைச்சர்களைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி. 1984 டிசம்பரில் இங்கே எம்.ஜி.ஆர். ஜெயித்தபோது அவர் நியூயார்க் புரூக்ளினில் டவுன்ஸ்டேட் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தார். அவர் படுக்கையில் இருக்கும் காட்சியைப் படம்பிடித்து வந்து இங்கே பிரசாரம் நடந்தது. அந்த டவுன்ஸ்டேட் யாருடையது? நியூயார்க் மாநில அரசின் பல்கலைக்கழகத்துடையது. சர்க்கார் வைத்தியம் சோஷலிசம் என்று இசைத்தட்டில் சொன்ன ரீகன் இரண்டாம் தடவை ஜனாதிபதியாக ஜெயித்த அதே நவம்பரில், எங்கள் நடிகர் அவர் நாட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தார்.

2002 முதல் ஆண்டிபட்டியின் உறுப்பினராக இருந்தவர் ஜெயலலிதா. க.விலக்கு மருத்துவக் கல்லூரி அவர் ஆட்சியில் வந்தது. நல்ல காரியம். 2016 செப்டம்பர் 22 அன்று அவருக்கே உடம்பு முடியாதபோது போனது சென்னை அப்போலோவுக்கு. அங்கே வரவழைத்தது யாரை? டெல்லி எய்ம்ஸ் டாக்டர்களையும், லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரிக் குழுமத்தின் ரிச்சர்டு பீலையும். இரண்டும் அரசாங்க ஆஸ்பத்திரி. ஆக, சர்க்கார் வைத்தியத்தின் மேல் எங்கள் தலைவர்களுக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. அது புரூக்ளினிலோ லண்டனிலோ டெல்லியிலோ இருந்தால் போதும். 2018-ல் கருணாநிதி இருந்ததும் தனியார் காவேரி மருத்துவமனையில்தான். இதில் மட்டும் இரண்டு கழகத்துக்கும் கொள்கை வேறுபாடு கிடையாது.

அதே செயின்ட் தாமஸில்தான் 2020 ஏப்ரலில் உங்கள் போரிஸ் ஜான்சன் கொரோனாவோடு படுத்தார். பிழைத்து எழுந்ததும் நர்ஸ்களைப் பெயர் சொல்லி வாழ்த்தினார். மறு வருஷம் அந்த நர்ஸ்களுக்கு அவர் அரசு முன்வைத்த சம்பள உயர்வு ஒரு சதவீதம். கஞ்சன்தான். ஆனாலும் ஊர்க்காரன் படுக்கிற ஆஸ்பத்திரியில் படுத்தவன். இந்தப் பாடத்தில் அவருக்குப் பூஜ்யம்தான் போடவேண்டும்.

இதற்கும் மேலே ஒரு ஆள் இருக்கிறார். 1959-ல் சுதந்திராக் கட்சியை ஆரம்பித்தவர், அரசாங்கம் எதிலெல்லாம் மூக்கை நுழைக்கக்கூடாது என்று சாகும்வரை எழுதியவர், இந்த நாடு கண்ட அசல் பழமைவாதி ராஜாஜி. 1939-ல் சென்னை மாகாணத்தில் இந்தியாவின் முதல் பொதுச் சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தது அவருடைய ஆட்சி. 1972 டிசம்பரில் அவர் உயிர் பிரிந்தது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில். கம்பத்திலிருந்தும் க.விலக்கிலிருந்தும் 'முடியாது, மதுரைக்குக் கொண்டுபோங்க' என்று எழுதிக்கொடுத்தால் 108 போய் நிற்கிற பெரியாஸ்பத்திரிக்கு அவர் பெயர்தான். ஏழைப் பங்காளர்கள் என்று கட்அவுட் வைத்துக்கொண்டவர்கள் கண்ணாடிக் கட்டடங்களில் முடிந்தார்கள். அரசாங்கமே ஒதுங்கு என்றவர் அரசாங்கக் கட்டிலில் முடிந்தார். இதில் யார் வலது, யார் இடது என்று மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

முகாம் இத்தோடு முடிந்தது. வெள்ளைக்காரக் கனவான்கள் போகலாம். இனி உள்ளூர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை.

2017-ல் அமெரிக்காவில் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியது மெக்கெய்னின் விரல் மட்டும் அல்ல. அதற்கு முன் மாதக்கணக்கில் சாதாரண ஜனங்கள், உங்களையும் என்னையும் போன்ற நோயாளிகள், தங்கள் ஊருக்கு வந்த உறுப்பினர்களைக் கூட்டத்திலேயே மடக்கிக் கேள்வி கேட்டார்கள். சில உறுப்பினர்கள் கூட்டம் போடவே பயந்தார்கள். நாம் என்ன செய்தோம்? பந்தலில் உட்கார்ந்து அட்டை வாங்கினோம், போட்டோவுக்குச் சிரித்தோம்.

அடுத்த தடவை கரைவேட்டி வாசலுக்கு வரும்போது எத்தனை லட்சம் என்று கேட்காதீர்கள். நம்ம தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஏலக்காட்டு ஜீப் இறங்குகிற நேரத்துக்கு சுகாதார நிலையம் ஏன் திறந்திருக்கவில்லை என்று கேளுங்கள். காலியாக இருக்கும் நர்ஸ் இடம் எத்தனை என்று கேளுங்கள். 'மேலிடத்தில் சொல்கிறேன்' என்றால் விடாதீர்கள். உங்களுக்கு முடியவில்லை என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பதில் சொல்லாமல் கும்பிடு போட்டு நகர்கிறவர் எந்த நிறக் கொடி பிடித்திருந்தாலும் சரி, எல்லோருக்கும் மருத்துவத்தை எதிர்க்கிற கட்சி அவருடையதுதான். அந்தக் கட்சிக்குத்தான் இத்தனை வருஷமாக நாம் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.