யானைக்கு 76 புள்ளி

கட்டாரிலிருந்து வருகிறவன் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று சம்மாந்துறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. போர்வை, பால்மா டின், அத்தர், டோர்ச் லைட், ஈச்சம்பழம். என் பெட்டியில் இவற்றோடு ஒரு சின்னத் துணிப்பையும் கிடந்தது. தங்கமாக்கும் என்று ராத்தா ஆசையோடு அவிழ்த்தாள். உள்ளே ஏழு பகடைகள்.

"என்னடா இது, கண்ணாடிக் கல்லா?"

நாலு முகத்தில் தொடங்கி இருபது முகம் வரை போகும் பகடைகள். டோஹாவில் என்னோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரன் பிரியும்போது தந்தது. அவனும் அவன் கூட்டாளிகளும்தான் எனக்கு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பழக்கினார்கள். ஒருவன் கதை சொல்வான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இறங்குவார்கள். "மதிலைத் தாண்டுறன்" என்று நீங்கள் சொன்னால், தாண்டினீர்களா, காலை முறித்தீர்களா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பக்கத்திலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட விளையாட்டு. அன்றிலிருந்து ஆடுகிறார்கள், அன்றிலிருந்தே ஒரே விஷயத்துக்குச் சண்டையும் பிடிக்கிறார்கள்: வாள்காரனும் மந்திரக்காரனும் சரிசமமா?

அந்தச் சண்டை ராத்தா வீட்டு முற்றத்துக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை.

ராத்தா வீடு என்றால் நான் பிறந்து வளர்ந்த வீடுதான். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. நான் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விட்டேன், மச்சான் இங்கே வந்துவிட்டார். ஆக, பிறந்த வீட்டில் நான் விருந்தாளி, மச்சான் வீட்டுக்காரர், இரண்டு பேருக்கும் மேலே உம்மா. பெரும்போக வெட்டு முடிந்த கையோடு வந்த நோன்பு அது. தராவீஹ் முடிந்தால் சஹர் வரை ஊர் உறங்காது. மச்சான், உயர்தரத்தில் கணிதம் படிக்கும் மருமகன், பதினொரு வயது மருமகள் மூவரையும் பாயில் உட்கார வைத்துப் பகடையை உருட்டினேன். சத்தம் கேட்டு உம்மா வந்தார்.

"என்ன மனெ, ஊட்டுக்க சூதா?"

காசு வைக்கவில்லை, சூதில்லை என்றேன். எடுபடவில்லை. பகடை பற்றி மார்க்கத்தில் என்ன பேச்சு இருக்கிறது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதுவும் நோன்பு மாதம். போனிலேயே உருட்டலாம் என்று மருமகன் சட்டம் பேசினான். "போனுக்குள்ள உருட்டினா மட்டும் ஆகுமா?" என்றார் உம்மா. ஏழு பகடைகளும் அலுமாரிக்குப் போயின.

வழி கண்டுபிடித்தவள் மருமகள். கொப்பித் தாளைக் கிழித்து 1 முதல் 20 வரை எழுதி மடித்து, ஒரு காலி மைலோ டின்னில் போட்டுக் குலுக்கினாள். உம்மா எட்டிப் பார்த்தார். "ஓ, சீட்டா" என்றார், உள்ளே போய்விட்டார். அவரே அப்போது ஒரு மாதச் சீட்டுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது பேர் ஆகியிருந்தது, இன்னும் ஒருவர் குறை என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1979இல் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அந்த விளையாட்டின் கம்பனிக்காரர்களே ஆரம்பப் பெட்டிக்குள் பகடைக்குப் பதில் இலக்கம் அச்சடித்த அட்டையை வைத்து விற்றிருக்கிறார்கள். துண்டு துண்டாக வெட்டி, கோப்பையில் போட்டு, பார்க்காமல் எடுக்க வேண்டும். விஸ்கொன்சின்காரனும் சீட்டுக் குலுக்கித்தான் இருக்கிறான்.

அடுத்தது ஆள் செய்வது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணம்: பலம், சுறுசுறுப்பு, தேகக்கட்டு, அறிவு, விவேகம், முகராசி. ஆதியில் ஒவ்வொன்றுக்கும் மூன்று சாதாரணப் பகடை உருட்டிக் கூட்டுவார்கள். நாலில் ஒரு தரம் 10 அல்லது 11 விழும். 18 விழுவது 216இல் ஒரு தரம். ஒருவன் மாவீரனாகப் பிறப்பான், பக்கத்தில் இருப்பவன் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குவான். இந்த அநியாயம் பொறுக்காமல்தான் பிறகு புள்ளி வாங்கும் முறை வந்தது. எல்லாருக்கும் 27 புள்ளி, ஒவ்வொரு குணமும் 8க்கும் 15க்கும் இடையில், கூட வேண்டுமென்றால் விலையும் கூட.

மருமகன் இரண்டு நிமிடத்தில் முடித்தான். மூன்று குணத்துக்கு 15, மற்ற மூன்றுக்கும் 8. புள்ளி சரியாக 27. பலம் உண்டு, வேகம் உண்டு, உடம்பு உண்டு. அறிவு, விவேகம், முகராசி மூன்றும் தரையில். உலகம் பூராவும் கணக்குத் தெரிந்த பையன்கள் இதைத்தான் செய்கிறார்கள். பிறகு விளையாட்டில் அந்த மந்த வீரன் வாய் திறந்தால் வருவது மருமகனின் அறிவு. அதற்குப் புள்ளி கொடுத்தவன் யாருமில்லை.

மச்சான் இனம் என்ற இடத்திலேயே நின்றுவிட்டார். மனிதன், குள்ளன், எல்ஃப் என்ற காட்டுவாசி, அரை எல்ஃப் என்று நான் வாசித்தேன்.

"அரையெண்டா?"

"வாப்பா மனிசன், உம்மா எல்ஃப்."

"அப்ப அவன் முழு எல்ஃப்தானே. உம்மா எந்தக் குடியோ புள்ளயும் அந்தக் குடி. இதில என்ன அரை?"

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊரில் குடி தாய்வழி. பள்ளிவாசல் மரைக்கார் பதவியே குடி பார்த்து வந்தது, ஒரே குடிக்குள் கலியாணமும் கூடாது. இந்தச் சட்டத்தின் முன் அரை எல்ஃப் நிற்க மாட்டான். விசித்திரம் என்னவென்றால், 2024இல் வந்த புதிய கைநூலில் அரை எல்ஃபை எடுத்தே விட்டார்கள். அவர்கள் காரணம் வேறு, மச்சான் காரணம் வேறு. முடிவு ஒன்று.

வாள் வேண்டாம், தான் வட்டை விதானையாகவே இருக்கிறேன் என்றார். நிஜத்திலும் அவர் அதுதான். வட்டை, அதாவது வயல்வெளி, முழுக்கத் தண்ணீர் பங்கிடுகிறவர். புத்தகத்தில் அப்படி ஒரு வகுப்பு இல்லாததால் காட்டுக் காவலனுக்குள் அவரை அடக்கினேன். முகராசிக்கு 8 போட்டார். "மாமி ஊட்ல இரிக்கிறவனுக்கு முகராசி என்னத்துக்கு? வாய மூடிட்டு இரிந்தாப் போதும்."

மருமகள் செய்தது ஒரு மந்திரக்காரக் கிழவி. கையில் வாளில்லை, அகப்பை. பேச்சில் யாரையும் மடக்குவாள், ஊரில் யார் யாருக்கு என்ன முறை என்று தெரியும், முழங்கால் வலி. யாரைப் பார்த்துச் செய்தாள் என்று கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

மந்திரக்காரர் விஷயம்தான் ஆதியிலிருந்தே தலையிடி. அப்போது முதல் நிலையில் ஒரு நாளைக்கு ஒரு மந்திரம், அதோடு மூலையில் குந்த வேண்டியதுதான். உயர்ந்த நிலைக்குப் போனாலோ வாள்காரனுக்கு வேலையே இல்லை. 1974இன் வைத்தியம் எளிது: இரண்டாம் நிலைக்கு ஏற வாள்காரனுக்கு 2000 அனுபவப் புள்ளி, மந்திரக்காரனுக்கு 2500. 2008இல் வந்த நாலாம் பதிப்பில் எல்லா வகுப்பையும் ஒரே அச்சில் வார்த்தார்கள். கணக்கு அழகாகச் சரிவந்தது. எல்லாருக்கும் ஒரே சோத்துப் பார்சல் தந்த மாதிரி இருக்கிறது என்று பழைய ஆட்கள் கோபித்துக்கொண்டு போனார்கள். போனவர்களைப் பிடிக்க அடுத்த வருடமே 'பாத்ஃபைண்டர்' வந்தது. எனக்கென்னவோ அந்த நாலாம் பதிப்புக்காரர்கள் மேல் பரிதாபம்தான். கணக்கைச் சரியாகச் செய்ததற்கு ஏச்சு வாங்கியவர்கள்.

கதை நடக்கும் இடம் எங்கள் ஊர்தான். சம்பான்கள் வந்தடைந்த துறை என்பதால் சம்மாந்துறை என்பார்கள். இப்போது கடல் பார்க்கக் காரைதீவுக்குப் போக வேண்டும். நான் கதைக்குள் துறையைத் திரும்பக் கொண்டுவந்தேன், சம்பான்களை நிறைத்தேன், கொள்ளைக்காரரை இறக்கினேன்.

முதல் இரவே ஒரு தகராறு. எடுத்த துண்டைத் திரும்ப டின்னில் போடுவதா, இல்லையா? போட வேண்டும், இல்லாவிட்டால் நிகழ்தகவு கெட்டுவிடும் என்றான் மருமகன். மச்சான் விடவில்லை.

"எடுத்தவனுக்கே மறுகாவும் விழுந்தா அது என்ன சீட்டு? எல்லாத் துண்டும் எடுத்த பொறகுதான் திருப்பிப் போடுற."

பகடைக்கு ஞாபகசக்தி இல்லை, இரண்டு தரம் அடுத்தடுத்து இருபது விழும். டின்னுக்கு ஞாபகம் உண்டு. ஒரு சுற்றில் ஒரே ஒரு 20, ஒரே ஒரு 1, அதோடு சரி. இரண்டாம் இரவு மருமகன் எதிர்ப்பை நிறுத்தினான். மூன்றாம் இரவுதான் காரணம் பிடிபட்டது: துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான். டின்னில் கெட்ட இலக்கம் மிஞ்சியிருந்தால், "வானத்தப் பாக்கிறன், மேகம் இரிக்கா?" என்று துண்டு எடுத்துக் கழிப்பான். நல்லது மிஞ்சினால் வாளை உருவுவான். ஒரே இரவில் பதினொரு தரம் வானம் பார்த்தான். தவறினால் ஏதாவது நட்டம் வரும் காரியத்துக்கு மட்டும்தான் துண்டு என்று அடுத்த நாள் சட்டம் போட்டேன்.

பெரிய தகராறு மருமகளுடையது. சண்டை என்றால் வேகம் கூடியவன் முதலில். மருமகன் வாளை வீசி முடிப்பதற்குள் கொள்ளைக்காரர் எல்லாரும் சரி.

"எனக்கு முறை வரக்குள்ள எல்லாரும் செத்துப் போறாங்க மாமா" என்று அகப்பையைக் கீழே வைத்தாள். உண்மையான அகப்பை. குசினியிலிருந்து எடுத்து வந்திருந்தாள்.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். வாள்காரனுக்கு எவ்வளவு குறைப்பது, கிழவிக்கு எவ்வளவு கூட்டுவது? மச்சான் வெத்திலையை மென்றுகொண்டே சொன்னார்:

"ஆருக்கும் கூட்டவும் வேணா, குறைக்கவும் வேணா. வாய்க்கால் தலப்பில இரிக்கிறவன் எப்படியும் எடுப்பான். கடைசி வயலுக்கு முதல்ல தண்ணியப் போக விடு."

ஆகப் பலம் குறைந்தவர் முதலில் என்று வரிசையைத் திருப்பினேன். அடுத்த சண்டையில் கிழவி எழும்பி, இடுப்பில் கை வைத்து, கொள்ளைக்காரர் பாதிப் பேரை உறங்க வைத்தாள். ஒருவனைப் பிடித்து அவன் உம்மாவின் பேர் கேட்டாள். அவன் வாளைக் கீழே போட்டான். மருமகனுக்கு வெட்ட மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். முகம் சுருங்கியது. ஆனாலும் அன்றிலிருந்து கிழவியின் முறை வரும்போது போனைப் பார்ப்பதை விட்டான்.

கடைசிச் சண்டைக்குப் பறவைநாகம் இறக்கலாம் என்று இருந்தேன். நெருப்புக் கக்கும் பல்லிக்கு மச்சான் சிரித்துவிட்டார். சரி, அவருக்குத் தெரிந்த மிருகம் யானை. எங்கள் வயல்களுக்கு யானை கதையில் வருவதில்லை, இரவில் நேரே வரும். புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன்: யானைக்கு உயிர்ப்புள்ளி 76, சவால் நிலை 4.

மச்சான் மெல்லுவதை நிறுத்தினார்.

"எத்தின?"

"76."

"இத எழுதினவன ஒருநாள் ராவைக்கி என்னோட வட்டைக்கு வரச் சொல்லு. பரணுக்குக் கீழ அது வந்து நிண்டு மூச்சு விடக்குள்ள எண்ணிப் பாக்கட்டும், 76ஆ எண்டு."

முந்நூறாக்கு என்றார். சமநிலை கெட்டுவிடும் என்று மருமகன் குதித்தான். இரவு இரண்டு மணிக்கு ஒரு யானையின் உயிருக்கு இருவரும் பேரம் பேசினார்கள். கடைசியில் நான் புள்ளியை எடுத்தே விட்டேன். யானையைக் கொல்ல ஏலாது, நிஜத்தில் கொன்றால் மறியல். திருப்பத்தான் ஏலும். திரும்ப வேண்டுமென்றால் இருபது விழ வேண்டும்.

டின்னில் மூன்று துண்டு மிச்சம். கழிந்தவற்றை மருமகன் விரல் விட்டுச் சொன்னான்: மிஞ்சியது 4, 9, 20. மச்சான் யானை வெடி கொளுத்தினார். 4. வெடி நனைந்திருந்தது. மருமகன் ஓடிப்போய்த் தகரம் தட்டினான். 9. யானை காதைக்கூட அசைக்கவில்லை. இனி கிழவி ஒருத்திதான். மருமகள் அகப்பையை உயர்த்தி எழும்பி நின்றாள்.

"பயப்படாதே, நூற்றுக்கு நூறு" என்றான் அண்ணன்காரன். அவன் வாழ்நாளில் அவளுக்குச் சொன்ன முதல் ஆறுதல் அதுவாக இருக்கும்.

டின்னுக்குள் கை போனது. துழாவியது. டின்னைக் கவிழ்த்தாள், அடியைத் தட்டினாள், பாயை உதறினோம்.

"என்னத்தத் தேடுற?" குசினியிலிருந்து உம்மா.

"இருவதாம் துண்டு உம்மம்மா!"

"அதுவா, அது நான் எடுத்த. மூலை ஊட்டு மாமி நேத்துச் சீட்டுக்குச் சேந்தா. புதுசா எழுதக் கண் தெரியுதா எனக்கு? ஒழும்புங்க, சஹருக்கு நேரமாகுது."

மருமகன் மச்சானைப் பார்த்தான். மருமகளும் பார்த்தாள். போய்க் கேட்டு வாங்கிவரக்கூடிய ஆள் வீட்டுக்காரர்தானே. மச்சான் தன் தாளை எடுத்து, முகராசிக்கு நேரே இருந்த 8ஐ ஒருமுறை பார்த்துவிட்டு, கை கழுவப் போனார்.