ஒரு கிளாஸ்தானே, மாப்பிள்ளே!

கேள்வி: குடியை விட்டு ஓராண்டு ஆகப்போகிறது. தீபாவளிக்கு மாமா பாசிர் ரிஸ் டவுன்டவுன் ஈஸ்டில் சாலே எடுத்திருக்கிறார். போகாவிட்டால் கோபிப்பார், போனால் ஊற்றிக் கொடுப்பார். என்ன செய்ய?
– வாசகர், பாசிர் ரிஸ்

பதில்: பகலிலேயே போய்விடுங்கள். பிரியாணி பகலில்தான் சூடாக இருக்கும். மாமா ராத்திரியில்தான் சூடாவார். நுழைந்ததும் ஒரு கிளாஸ் பண்டோங்கை எடுத்துக்கொண்டு கீழே வைக்காமல் திரியுங்கள். வெறுங்கையைக் கண்டால்தான் நம்மாட்களுக்கு ஊற்றத் தோன்றும். 'ஏன் குடிக்கலே?' என்றால், 'டாக்டர் வேண்டாம்னுட்டார்' போதும். விளக்கப் போனால் விவாதமாகும், அதில் மாமாவை ஜெயிக்க முடியுமா?

சட்டம் அரைகுறையாகத்தான் உதவும். 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பின் வந்த சட்டப்படி, 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்க முடியாது. லிட்டில் இந்தியாவில் பொது விடுமுறைக்கு முந்தின நாள் மாலை 7 மணிக்கே கெடுபிடி. ஆனால் சாலேக்குள் மாமாதான் அரசாங்கம்!

நாக்கு ரொம்ப இழுத்தால் பாசிர் ரிஸ் பூங்காப் பக்கம் கடலோரம் நடங்கள். அந்த வேகம் பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடும். விஷயம் தெரிந்த ஒருவரைத் துணைக்குப் பிடித்துவையுங்கள், அத்தை என்றால் உத்தமம். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுபவரானால் ரம் ஊற்றிய கேக்கையும் தொடாதீர்கள். குமட்டல், படபடப்பு என்று பாடாய்ப் படுத்தும். இத்தனையும் மீறித் தடுமாறினால், மறுநாளே மனநலக் கழகத்தின் அடிமைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

காரை நீங்களே ஓட்டிப் போங்கள். கிளம்பும்போது மாமாவே வீட்டில் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சுவார்.